சும்மா இருந்த மாதங்களுக்குச் சம்பளம்

எந்த விண்ணப்பப் படிவத்திலும் ‘தொழில்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘மாத வருமானம்’ என்று இன்னொரு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் ‘நாடக நடிகர்’ என்று தைரியமாக எழுதிவிட்டு, இரண்டாவதற்கு வந்ததும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த ஆண்டுகள் எனக்கு ஆறு. போன மாதம் மூன்று ஷோ, அதற்கு முந்தைய மாதம் ஒன்றுமே இல்லை, வரும் மாதம் கடவுளுக்கே வெளிச்சம். சராசரி போட்டு எழுதலாம்தான். சராசரி போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கும்.

அப்புறம் பதினான்கு மாதங்கள் அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுத முடிந்தது. நான் இருந்த சிறிய நாடகக் குழுவுக்கு ஒரு அறக்கட்டளையின் நிதி கிடைத்து, எங்களில் ஐந்து பேரை மாதச் சம்பளத்தில் வைத்தார்கள். நாடகம் போடுவதற்காக வந்த பணம் இல்லை அது. நடிகர்கள் தங்கள் கலையை வளர்த்துக்கொள்ள வந்த பணம். காலை ஒன்பதரைக்கு வர வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், நாலு மணிக்குப் போகலாம். இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்பது எங்கள் பாடு.

கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாமா என்ற பேச்சு எப்போது வந்தாலும், ‘பாவம், கொடுக்கலாம்’ என்று ஒரு கட்சியும் ‘கொடுத்தால் கெட்டுப்போவார்கள்’ என்று ஒரு கட்சியும் உருவாகிவிடும். எனக்கு இரண்டிலும் சேர மனமில்லை. இரண்டு தரப்புமே சம்பளத்தை மேடையில் செய்கிற வேலைக்கான கூலியாகத்தான் பார்க்கின்றன. நான் வாங்கிய சம்பளம் மேடைக்கே வராத நாட்களுக்கானது.

முதல் மாதம் கேவலமாகப் போனது. ஷோ தேதி இல்லாமல் ரிகர்சல் செய்து எங்களுக்குப் பழக்கமே இல்லை. தலைக்கு மேல் தேதி ஒன்று தொங்கினால்தான் எங்கள் உடம்பு அசையும். மூன்றாவது வாரத்திலேயே ஒருவர், ‘சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறோமே, ஒரு குட்டி நாடகமாவது போட்டுடலாம்’ என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஆர்வத்தில் ஆட்டிய தலை இல்லை, குற்றவுணர்ச்சியில் ஆட்டியது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அக்காதான், ‘அதுக்கு இந்தப் பணம் வரல’ என்று நிறுத்தினார். மாதாமாதம் அறக்கட்டளைக்கு அறிக்கை எழுத வேண்டியவரும் அவரே. ‘இந்த மாசம் என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி சொல்லுங்க, நான் நாலு வரியா ஆக்கிக்கிறேன்’ என்பார். அந்த ஒரு வரிக்கே திணறினோம்.

என் வலது முழங்கால் அப்போது இரண்டு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவருக்கும் தெரியாது. ஷோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற நடிகன் வலியை வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த ஷோவுக்கு வேறு ஆள். நடனக் கலைஞர்களைக் கேட்டால் இதைவிடப் பெரிய கதைகள் சொல்வார்கள். சம்பளம் வர ஆரம்பித்த மூன்றாவது மாதம் நான் வாயைத் திறந்தேன். ஆறு வாரம் குதிக்கக் கூடாது, முட்டி போடக் கூடாது என்றார் மருத்துவர். அந்த ஆறு வாரமும் சம்பளம் வந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்ததெல்லாம் ஒரு செய்தியா? உடம்பே கருவியாக இருக்கிறவனுக்கு அது செய்திதான். விடுப்பு என்ற சொல்லை என் வேலையோடு சேர்த்து நான் அதற்கு முன் சொன்னதே கிடையாது.

குதிக்க முடியாததால் நடந்தேன். அந்தப் பதினான்கு மாதங்களில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். வலிக்காமல் இருக்க எடையை எங்கே வைப்பது என்று பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில், எடை எங்கே நிற்கிறதோ அதை வைத்து ஒரு ஆளின் வயதும் கூச்சமும் மாறுவது தெரிந்தது. குதிகாலில் நின்றால் ஒருவன், பாதத்தின் வெளி ஓரத்தில் நின்றால் வேறொருவன். இதெல்லாம் நாடகப் பயிற்சியில் எங்கேயும் சொல்லித்தருகிற பாடம்தான், எனக்கும் சொல்லியிருந்தார்கள். காதில் விழுந்த பாடம் காலுக்கு இறங்க இத்தனை வருடமும், ஒரு முழங்கால் வலியும், ஆறு வாரச் சம்பளமும் தேவைப்பட்டது. ஐந்தாவது மாதம் ஒரு மதியம், கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நான் நடந்ததைப் பார்த்த சக நடிகை, ‘யாரு அந்தப் பெரியவர்?’ என்று கேட்டார். நான் எந்தப் பெரியவரையும் மனதில் நினைத்து நடக்கவில்லை.

அந்த மாத அறிக்கையில் அக்கா எழுதியது: ‘நடைப் பயிற்சி’. படித்தவர்கள், இவர்கள் காலையில் வாக்கிங் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நல்கைகளுக்கு நான் விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு கிடைத்தும் இருக்கிறது. நல்கை என்பது முன்கூட்டியே பேசிக்கொண்ட வேலைக்கான பணம். என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை நாளில், யார் பார்ப்பார்கள், விளைவு என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பெரியவரின் நடையைக் கண்டுபிடிக்கப்போகிறேன் என்று எந்த விண்ணப்பத்திலும் நான் எழுதியிருக்க மாட்டேன். எனக்கே தெரியாதே! விண்ணப்பத்தில் தெரிந்ததைத்தான் எழுத முடியும். நல்கையிலிருந்து நல்கைக்குத் தாவி வாழ்கிற கலைஞன் நாளடைவில் தனக்குத் தெரிந்ததையே நேர்த்தியாகத் திரும்பச் செய்கிறவனாக ஆகிவிடுகிறான். அந்த நேர்த்தி எனக்கும் வந்துகொண்டிருந்தது.

சம்பளத்தில் இருந்த கலைஞர்களில் பெரிய உதாரணம் என்று நான் எப்போதும் நினைப்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹெய்டனை. 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் துணை இசை இயக்குநராகச் சேர்ந்தபோது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. படித்தால் எரிச்சல் வரும். சீருடை போட வேண்டும், வெள்ளைக் காலுறை அணிய வேண்டும், தலைமுடிக்குப் பவுடர் பூச வேண்டும். தினமும் இரண்டு வேளை முன்னறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதுகிற இசையை வேறு யாருக்கும் படியெடுத்துக் கொடுக்கக் கூடாது, அனுமதியில்லாமல் வேறு ஒருவருக்கு எழுதவும் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாடு 1779இல் புதுப்பித்த ஒப்பந்தத்தில்தான் நீங்கியது.

ஆனால் பதிலுக்கு அவருக்குக் கிடைத்ததைப் பாருங்கள். சம்பளத்தில் இருக்கும் ஒரு இசைக்குழு, கூப்பிட்டால் வரும் தூரத்தில். ஒன்றை எழுதி, வாசிக்கவைத்துக் கேட்டு, எது எடுபடுகிறது, எது சப்பென்று இருக்கிறது என்று பார்த்து, வெட்டவும் சேர்க்கவும் முடிந்தது என்று முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தை விட்டு ஒதுங்கி இருந்ததால் குழப்ப ஆளில்லை, அதனால் தனக்கென்று ஒரு வழி காண வேண்டியதாயிற்று என்பதும் அவர் சொன்னதுதான். வாரக்கணக்கில் அல்ல, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் இந்த வசதி இருந்தது. சிம்பொனியும் நால்வர் தந்தி இசையும் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் அந்த முப்பது ஆண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1772இல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பிரபு தன் கோடை மாளிகையை விட்டு நகராமல் நாட்களை நீட்டிக்கொண்டே போனார். குடும்பங்களைப் பிரிந்திருந்த வாத்தியக்காரர்கள் தவித்தார்கள். ஹெய்டன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசித்து முடித்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்துபோவார்கள். முடிவில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது. விடுப்பு விண்ணப்பங்களில் இதை மிஞ்ச ஒன்று இருக்கிறதா என்ன?

1790இல் அந்தப் பிரபு நிக்கோலஸ் இறந்தார். வாரிசுக்கு இசையில் ஈடுபாடு இல்லை. இசைக்குழுவில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஹெய்டனுக்கு ஓய்வூதியம் இருந்தது, புகழும் இருந்தது, லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். மற்ற வாத்தியக்காரர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிரபுக்கள் போய்விட்ட பிறகு டிக்கெட் வசூல் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வில்லியம் பாமல், வில்லியம் போவென் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 1966இல் இதற்குப் பதில் எழுதினார்கள். தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நால்வர் வாசிக்கும் இசையை வாசிக்க மட்டும் இன்றும் நாலு பேர் வேண்டும், நேரமும் முன்பு ஆன அதே நேரம்தான். மற்ற துறைகளில் கூலி ஏற ஏற மேடைக்கான செலவும் ஏறும், வசூல் அந்த வேகத்தில் ஏறாது. நிர்வாகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்தப் பள்ளம் இருக்கும். பணக்காரர்களோ அரசோ நிரப்பாத இடங்களில் அதை யார் நிரப்புகிறார்கள்? பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அரைக் காசுக்கு வந்து நடிக்கிறானே, அவன். கலைக்கு மிக அதிகமாக மானியம் கொடுப்பவன் கலைஞன்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஜெர்மனியில் நகரங்களே அரங்குகளை நடத்துகின்றன. நடிகர்களும் நடனக் கலைஞர்களும் அங்கே சம்பளத்தில் இருக்கிறார்கள். வுப்பர்டால் நகர அரங்கின் நடனப் பிரிவுக்கு 1973இல் நடன இயக்குநர் பீனா பவுஷ் தலைமையேற்றார். ஆரம்ப ஆண்டுகளில் பார்வையாளர்கள் பாதியில் எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். டிக்கெட்டை நம்பிய குழுவாக இருந்திருந்தால் இரண்டாவது படைப்போடு கடையைக் கட்டியிருப்பார்கள். அங்கே மறுநாளும் ஒத்திகை நடந்தது. சில ஆண்டுகளில் அவர் ஒத்திகையின் போக்கையே மாற்றினார். அசைவைக் கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாகக் கேள்விகள் கேட்டார். கலைஞர்கள் அசைவாலோ பேச்சாலோ ஒரு சிறு காட்சியாலோ பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களில் பெரும்பாலானவை மேடைக்கு வரவே வராது. வராத பதில்களுக்கும் சேர்த்துத்தான் சம்பளம். அப்படி ஒரு ஒத்திகையை ஷோவுக்கு இவ்வளவு என்று பேசி நடத்தவே முடியாது.

அதற்காக ஜெர்மன் ஏற்பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். வேண்டாம் என்றால் முந்தைய அக்டோபர் இறுதிக்குள் சொல்லிவிட வேண்டும். ‘கலைரீதியான காரணம்’ என்றால் போதும். ஒரே அரங்கில் பதினைந்து ஆண்டு இருந்துவிட்டால் அப்படி அனுப்புவது கடினம். அதனாலேயே, பதினைந்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1930களின் பெரும் பொருளாதார மந்த காலத்தில் அரசே நாடகக்காரர்களை வேலைக்கு எடுத்தது. 1935இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஹாலி ஃபிளானகன் தலைவர். உச்சத்தில் 12,000 பேருக்கு மேல் சம்பளம் வாங்கினார்கள். அது கலைக்காக வந்த திட்டம் இல்லை, வேலையின்மைக்காக வந்தது. எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் இருந்தாக வேண்டும். நன்றாக நடிப்பாரா என்பதற்கு முன்னால் போதுமான அளவு ஏழையா என்று கேட்டார்கள். அப்படிச் சேர்த்த கூட்டத்திலிருந்துதான் 1936இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், பின்னாளில் சினிமா இயக்குநராகப் புகழ்பெற்ற ஆர்சன் வெல்ஸ் இருபது வயதில் கறுப்பின நடிகர்களோடு இயக்கிய ஷேக்ஸ்பியரின் மேக்பெத் வந்தது. 1938இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஃபிளானகனை விசாரித்தபோது, பேச்சுவாக்கில் வந்த கிறிஸ்டோபர் மார்லோ என்பவர் கம்யூனிஸ்டா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மார்லோ ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஜூனில் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அண்மையில், 2022இல், நியூயார்க் மாநிலத்தில் 300 கலைஞர்களை உள்ளூர் அமைப்புகளோடு சேர்த்து, ஆண்டுக்கு 65,000 டாலர் சம்பளமும் மற்ற சலுகைகளும் கொடுத்து, இரண்டாண்டு வேலையில் வைத்தார்கள். அதே ஆண்டு அயர்லாந்து, குலுக்கல் முறையில் 2,000 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கியது. அயர்லாந்தில் முதலாளி என்று யாரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. சுதந்திரம் அதிகம்தான். இருந்தாலும் மேடைக்காரனுக்கு அது பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தாளர் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதிவிடலாம். எனக்குக் கூடம் வேண்டும், எதிரே இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளும் அதே நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே காலையில் ஒரே இடத்தில் இருப்பதுதான் நாடகத்தில் கிடைக்காத பொருள். எங்கள் பதிவேடு அதைத்தான் கொடுத்தது.

ஸ்வீடன்காரர்களின் ஏற்பாட்டைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. 1999இல் நடிகர்களுக்காக ‘தியேட்டர்அலியான்சன்’ என்று ஒரு அமைப்பை அரசுப் பணத்தில் தொடங்கினார்கள். எந்த அரங்கிலும் நிரந்தரமாக இல்லாத, ஆனால் பல ஆண்டுகள் தொழிலில் இருந்த நடிகரை அந்த அமைப்பு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அவருக்கு ஏதாவது அரங்கில் வேடம் கிடைத்தால் அமைப்பிலிருந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு போவார், அந்த அரங்கு சம்பளம் கொடுக்கும். நாடகம் முடிந்ததும் அமைப்புக்குத் திரும்புவார், அங்கே சம்பளம் தொடரும். இடைக்காலத்தில் பயிற்சிகளுக்குப் போகலாம், அடுத்த வேலையையும் தேட வேண்டும். 2006இல் நடனக் கலைஞர்களுக்கும் 2008இல் இசைக்கலைஞர்களுக்கும் இதேபோல் தொடங்கினார்கள். 2012இல் நார்வே பின்பற்றியது.

இதை யோசித்தவர் யாரோ, நாடகக்காரர்களின் வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் நாடகத்துக்குப் பணம் கொடுக்கும்போது, இவர்கள் இரண்டு நாடகங்களுக்கு நடுவில் வரும் வெற்று மாதங்களுக்குக் கொடுக்கிறார்கள். பிரான்ஸிலும் அந்த வெற்று மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேர வேலையைக் கணக்குக் காட்ட வேண்டும். 2003இல் அந்தக் கெடுவை நெருக்கியபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பெரிய நாடக விழாவான அவிஞ்ஞோன் விழாவே ரத்தானது. மணியை எண்ணுகிறவனுக்கு எந்த வேலை கிடைத்தாலும் சரி என்ற மனநிலை வந்துவிடும். ஸ்வீடன் முறையிலும் ஓட்டை உண்டு. இடங்கள் குறைவு, ஏற்கெனவே பல ஆண்டு வேலை செய்து காட்டியவர்தான் உள்ளே வர முடியும். இருபத்திரண்டு வயதில், ஒரு வாய்ப்புக்காக நாயாய் அலைகிறபோது அந்தக் கதவு திறக்காது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் பொய். ஏழாவது மாதத்திலிருந்து அலுவலக வேலைகள் எங்கள் மேல் ஊர்ந்து வர ஆரம்பித்தன. போஸ்டர் ஒட்ட ஆள் இல்லை, கடிதம் டைப் செய்ய ஆள் இல்லை, நாற்காலி இறக்க ஆள் இல்லை. ‘சம்பளம் வாங்குறவங்கதானே, செய்யட்டும்’. முதலில் மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம், கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் ஒரு வேலையைக் கையில் கொடுக்கத் தோன்றும், அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் நிஜமாகவே தூங்கினார். பாயைப் போட்டு, மேடைத் திரைக்குப் பின்னால், தினமும் மதியம். கெட்டுப்போவார்கள் என்று சொல்லும் கட்சிக்காரர்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் அவர் அதற்கு முன் எட்டு வருடம் இரவு வேலை பார்த்துக்கொண்டு பகலில் நடித்தவர். இரண்டு மாதம் தூங்கிவிட்டு எழுந்தார். அதன் பிறகு எங்கள் ஐவரில் அதிகம் உழைத்தது அவர்தான் என்று சொல்ல ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரையும் போல உழைத்தார்.

பெரிய கசப்பு, சம்பளம் கிடைக்காத எட்டுப் பேரோடு வந்தது. ஐந்து பேரை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. அதுவரை எல்லோரும் சேர்ந்து இல்லாமையைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று ஷோ முடிந்து காசு பிரிக்கும்போது நாங்கள் ஐவரும் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. என்னோடு முதல் நாடகத்திலிருந்து இருந்த ஒரு நண்பர் அந்த ஆண்டு விலகிப்போனார். இன்றும் சரியாகப் பேச்சு இல்லை. அயர்லாந்தின் குலுக்கல் சீட்டை முதலில் கேள்விப்பட்டபோது கலையில் லாட்டரியா என்று சிரித்தேன். சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் அவர் என்மேல் கோபப்பட்டிருக்க மாட்டார்.

ஹெய்டனின் வெள்ளைக் காலுறை எங்களுக்கு இல்லை. ஆனால் எங்கள் ஒப்பந்தத்திலும் ஒரு பத்தி இருந்தது: அந்தக் காலத்தில் உருவாகும் எல்லாப் படைப்பும் குழுவுக்குச் சொந்தம். கையெழுத்துப் போடும்போது நான் அதைப் படிக்கவே இல்லை. சம்பளம் என்ற சொல்லைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பதினான்காவது மாதத்தோடு நிதி முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் ‘விளைவுகள்’ காட்ட வேண்டும் என்றார்கள். அவசரமாக ஒரு நாடகம் செய்து காட்டினோம். சுமாராக இருந்தது. புதுப்பிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பார்த்தது சுமாரான நாடகம்தானே.

மூன்று வருடம் கழித்து, வேறொரு குழுவில், மகனிடம் கடன் கேட்க வரும் ஒரு தகப்பனாக நடித்தேன். எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. முதல் காட்சியில் வசனம் கிடையாது. கதவிலிருந்து நாற்காலி வரை நடந்து வந்து உட்கார வேண்டும். இயக்குநர் அதற்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்; முதல் நாளே முடிந்துவிட்டது.

நாலாவது ஷோவுக்கு அக்கா வந்திருந்தார். முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

‘அறிக்கையில எழுதினோமே, அதுதானே இது?’

‘அதேதான்க்கா.’

‘எனக்கு அப்ப ஒண்ணுமே புரியலப்பா’ என்று சொல்லிவிட்டு, ‘முழங்கால் எப்படி இருக்கு?’ என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் பக்கத்தில் அந்தக் குழுவின் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். அன்றைய ஷோவுக்கான காசு ஏழு வாரம் கழித்து வந்தது.